ஒன்றரை மனிதர் கணக்கு

எம்பிலிப்பிட்டியவிலிருந்து பெல்மதுளைப் பக்கம் போகும் பாதையில், பல்லேபெத்தவுக்குக் கிட்ட சங்கபால ரஜமகா விகாரை இருக்கிறது. துட்டகைமுனுவின் பத்து மாவீரர்களில் ஒருவனான புஸ்ஸதேவன், வெற்றிச் சங்கு ஊதிய கையோடு துறவியாகி, இந்தக் குகையில்தான் முக்தி அடைந்தான் என்பது ஊர்வழக்கு. சங்கு ஊதிய அளவில் அவரோடு நமக்கு ஒரு வழக்கும் இல்லை. ஆனால் மகாவம்சம் அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறது.

எல்லாளனின் மருமகன் பல்லுகன் துட்டகைமுனுவின் வாயைக் குறிவைத்து அம்பு விட்டான். அரசன் வாளால் வாயை மறைத்துத் தப்பினான். பின்னால் இருந்த புஸ்ஸதேவன் பதிலுக்கு விட்ட அம்பு பல்லுகனின் வாய்க்குள் பாய்ந்தது. சாகிறவன் அரசன் பக்கம் காலை நீட்டி விழுந்துவிட்டால் மரியாதைக் குறைவல்லவா? அதனால் முழங்காலுக்கு இன்னோர் அம்பு. தலை அரசன் பக்கம் வந்து விழுந்தது. தன் அம்பு அரசனின் காதணியில் உரசிவிட்ட குற்றத்துக்குப் புஸ்ஸதேவன் தன் காதுமடலைத் தானே அறுத்துக்கொண்டான். அரசனோ அம்பை நட்டுவைத்து, அது மூடும்வரை காசைக் குவித்துப் பரிசளித்தான். செத்து விழுகிறவனும் முறைப்படி விழவேண்டும் என்று எதிர்பார்க்கும் அரசு இந்நாட்டுக்கு நேற்று வந்ததல்ல.

இந்தப் போருக்குப் புறப்படும்போது மன்னர் தம் ஈட்டியில் புத்தரின் தாதுவைப் பதித்துக்கொண்டார். ஐந்நூறு பிக்குமார் உடன் நடந்தார்கள். எறும்பையும் மிதிக்காதே என்று சொன்னவரின் எலும்பை ஈட்டிமுனையில் வைத்துக்கொண்டு மனிதனைக் குத்தப் போவதற்கு அசாத்திய பக்தி வேண்டும். வென்றபின் மன்னருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இத்தனை உயிரைக் கொன்றேனே என்று மனம் வருந்தினார். மனச்சாட்சி என்ற ஒன்று அவரிடம் இருந்திருக்கிறது, அதற்காக அவரைக் கும்பிடலாம். ஆனால் மகாவம்சக்காரருக்கு அது பொறுக்கவில்லை. எட்டு அரகந்தர்களை ஆகாய மார்க்கமாக அனுப்பிக் கணக்கைச் சரிபார்க்கிறார். நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான் என்கிறார்கள் அவர்கள். மும்மணிகளிடம் சரணடைந்தவன் ஒருவன், ஐந்து சீலங்களையும் ஏற்றவன் இன்னொருவன். இந்த இருவரையும் சேர்த்து ஒன்றரை. மற்றவர்கள் பொய்நெறிக்காரர், மிருகத்துக்குச் சமம். கணக்கு முடிந்தது, போய்த் தூங்கு.

போர் நடந்தது கி.மு. இரண்டாம் நூற்றாண்டில். கணக்கு எழுதப்பட்டது ஏழு நூற்றாண்டு போல கழித்து. கொன்றவன் அழுதிருக்கிறான், எழுதியவன் அழவில்லை. இந்த நாட்டின் கோளாறு அந்த இரண்டாவது ஆளிடமிருந்து தொடங்குகிறது.

இது நமக்கு மட்டும் வாய்த்த பெருமை என்று யாரும் மார்தட்ட வேண்டாம். பால்டிக் கடலோரத்தில் டென்மார்க் மன்னர்கள் இதே தொழிலை அமோகமாக நடத்தியிருக்கிறார்கள். அண்டையில் வெந்தியர், எஸ்தோனியர் என்று பழைய தெய்வங்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்த மக்கள். ஜெருசலேமுக்குப் போய்ச் சிலுவைப்போர் செய்ய வழிச்செலவு அதிகம், வெயிலும் அதிகம். பக்கத்து வீட்டிலேயே புறசமயத்தான் இருக்கும்போது எதற்காக அவ்வளவு தூரம் போகவேண்டும்? 1147இல் பாப்பரசர் மூன்றாம் யூஜின் அனுமதி கொடுத்தார். 1171-72 வாக்கில் மூன்றாம் அலெக்சாண்டர் விலைப்பட்டியலே போட்டுவிட்டார்: எஸ்தோனியருக்கு எதிராகப் போனால், ஏசுவின் கல்லறைக்கு யாத்திரை போனவருக்குக் கிடைக்கிற அதே சலுகை, ஒரு வருடப் பாவம் கழிவு. களத்தில் செத்தால் முழுப் பாவமும் தள்ளுபடி. நம் அரகந்தர்கள் கொலை முடிந்தபின்தான் கழிவு கொடுத்தார்கள். ரோமாபுரி முன்கூட்டியே கொடுத்தது. நிர்வாகம் என்றால் அப்படி இருக்கவேண்டும்.

1168இல் மன்னர் முதலாம் வால்டெமாரும் ஆயர் அப்சலோனும் ரூகன் தீவின் ஆர்கோனாவைப் பிடித்தார்கள். அங்கே ஸ்வாந்தவித் என்ற நான்குதலைத் தெய்வம். அந்தக் கருவறையைப் பூசாரி பெருக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டுதான் பெருக்குவாராம். மனித மூச்சு தெய்வத்தின்மேல் படக்கூடாது. மூச்சு முட்டினால் வாசலுக்கு ஓடிவந்து விட்டுவிட்டு, மறுபடி உள்ளே போவார். இதை எழுதிவைத்தவர் வென்ற பக்கத்து வரலாற்றாசிரியர் சாக்ஸோ. அந்தத் தெய்வத்தை ஆட்கள் அடியோடு வெட்டிச் சாய்த்து, கயிறு கட்டி இழுத்து, சிறாய் சிறாயாகப் பிளந்தார்கள். அன்றிரவு படைக்குச் சமைக்க அதுவே விறகு. கோயில் பொக்கிஷம் டென்மார்க் போனது. ஒருவன் மூச்சு விடவும் பயந்த இடத்தில் இன்னொருவன் உலை வைத்த கதையை அதே நூல் அடுத்தடுத்துச் சொல்கிறது, கூச்சமே இல்லாமல்.

அப்சலோன் சாதாரண ஆயர் அல்ல. ஜெபமாலையோடு போர்க்கப்பலும் ஓட்டத் தெரிந்தவர். இதைப் படித்துவிட்டு, அந்தக் காலத்து ஐரோப்பியர் எவ்வளவு பின்தங்கியவர்கள் என்று சிரிக்க வாயைத் திறந்தால், 2020 ஜூன் 2ஆம் திகதியிட்ட நம் வர்த்தமானி வாயை அடைத்துவிடும். கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமையை முகாமை செய்ய ஜனாதிபதிச் செயலணி. தலைவர் தொல்லியல் பேராசிரியரா? இல்லை, பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன, ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு அமைத்த அந்தக் குழுவில், தொடக்கத்தில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. டென்மார்க்கில் ஆயர் இரும்புத் தொப்பி போட்டார். இங்கே இராணுவம் மண்கரண்டி எடுத்தது. மண்ணுக்கு அடியில் என்ன கிடைக்கும் என்பது வர்த்தமானி அச்சாகும்போதே தெரிந்துவிட்டது.

முல்லைத்தீவுக் குருந்தூர்மலையில் 2021 ஜனவரியில் இராஜாங்க அமைச்சர் விதுர விக்கிரமநாயக்க இராணுவத்தோடு போய்ப் புத்தர் சிலை வைத்து அகழ்வைத் தொடக்கினார். முதலில் சிலை, பிறகு ஆராய்ச்சி. பரீட்சையில் விடையை எழுதிவிட்டுக் கேள்வியைத் தேடுகிற இந்த முறைக்குத் தொல்லியல் என்று பெயர். முல்லைத்தீவு நீதிமன்றம் இருந்தபடி இருக்கட்டும் என்றது. கட்டுமானம் நடந்தபடி நடந்தது. வழக்கைக் கேட்ட நீதவான் ரி. சரவணராஜா, உயிர் அச்சுறுத்தல் என்று சொல்லி 2023 செப்டெம்பரில் பதவியை விட்டு நாட்டையும் விட்டுப் போனார். மலையில் புத்தர் அசையாமல் இருக்கிறார். அசைந்தது நீதிதான்.

நம் இரத்தினபுரி மாவட்டத்துக்கு வருவோம், வடக்கை மட்டும் பேசினால் சபரகமுவ கோபித்துக்கொள்ளும். பலாங்கொடைப் பக்கம் கூரகல. பழைய பிராமிக் கல்வெட்டுக் குகைகளும் உண்டு, முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடியேற்றிக் கந்தூரி கொடுத்த தப்தர் ஜெய்லானிப் பள்ளிவாசலும் உண்டு. ஒரே மலையில் இரண்டு பேரும் கும்பிட்டார்கள், மலைக்கு வலிக்கவில்லை. 2013இல் பொதுபல சேனாவுக்கு வலித்தது. கலகொட அத்தே ஞானசார தேரர் கூட்டம் கூட்டினார், முழங்கினார், கட்டடங்கள் சில அகற்றப்பட்டன. 2022இல், டீசலுக்கு ஜனங்கள் இரவிரவாக வரிசையில் நின்ற அதே வெசாக்கில், கூரகலவில் விளக்குகள் ஜெகஜோதியாக எரிந்தன. நாடு வங்குரோத்து ஆனது ஏப்ரலில். வெளிச்சம் மேயில்.

பாவம் கழிப்பதில் ரோமாபுரியை விஞ்சிவிட்டோம் என்பதற்கு இதே தேரரின் பதிவேடு போதும். 2018இல் நீதிமன்ற அவமதிப்புக்குச் சிறை. 2019 மே மாதம் ஜனாதிபதி மைத்திரிபாலவின் பொதுமன்னிப்பு. 2021 ஒக்டோபரில் ஜனாதிபதி கோட்டாபயவின் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ செயலணிக்குத் தலைமை. 2024 மார்ச்சில், கூரகலப் பள்ளிவாசலைப் பற்றிப் பேசிய பேச்சுக்குக் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் நான்கு வருடத் தண்டனை. சட்டத்தை அவமதித்தவரையே சட்டம் ஒன்றாக்க நியமிக்கிற துணிச்சல் எந்தப் பாப்பரசருக்கும் வந்ததில்லை.

டேனியர் எஸ்தோனியாவில் செய்ததைப் பார்த்தால், முந்திச் சிலை நடுகிற இந்த அவசரமும் விளங்கும். 1219 ஜூனில் இரண்டாம் வால்டெமார் பெரும்படையோடு லிண்டனிசில் இறங்கினார். இன்றைய தாலின் நகரம் அதுதான். தோற்கிற வேளையில் வானத்திலிருந்து வெள்ளைச் சிலுவை போட்ட சிவப்புக் கொடி விழுந்ததாம். டென்மார்க்கின் தேசியக்கொடிக்குப் பிறப்புக்கதை இதுதான். கதை ஏட்டில் ஏறியதோ 16ஆம் நூற்றாண்டில், முந்நூறு வருடம் கழித்து. அங்கேயும் போரைவிடப் பேனாதான் பெரிய ஆயுதம். வானத்திலிருந்து விழுந்த கொடியைத் தூக்கிப் பிடிக்கிறவன் வீடு எரிவதைப் பார்க்கக் குனிவதில்லை.

பிறகு ஒரு போட்டி. ரீகா நகரத்து ஜெர்மன் பாதிரிமாரும் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டு வந்தார்கள், டேனியரும் கொடுத்தார்கள். யார் முதலில் தண்ணீர் தெளித்தாரோ ஊர் அவருக்கு, வரியும் அவருக்கு. பாதிரிமார் போதாமல் டேனியர் ஊர்க்காரர் கையிலேயே தீர்த்தத்தைக் கொடுத்தனுப்பினார்கள். முந்திக்கொள்ள ஊரூராய் மரச்சிலுவைகளை நட்டார்கள். இதற்குள் தாபெலின் என்ற ஊர்த்தலைவர் ரீகாக்காரரிடம் ஞானஸ்நானம் வாங்கிவிட்டார். டேனியர் அவரைத் தூக்கில் போட்டார்கள். புறசமயத்தில் இருந்ததற்காக அல்ல, வேறு கடைத் தண்ணீரில் கிறிஸ்தவன் ஆனதற்காக. இதை எழுதிவைத்தவரும் ஒரு பாதிரியார்தான், லிவோனியாவின் ஹென்றி. ஆன்மாவை மீட்க வந்த படை எதை மீட்க வந்தது என்பதற்கு தாபெலினின் கழுத்தைவிட வேறு சாட்சி வேண்டாம்.

குருந்தூரில் சிலை நடுகிறவர்கள் யாரையும் பௌத்தராக்க முயலவில்லை என்பதைக் கவனியுங்கள். பஞ்சசீலம் சொல்லித் தந்தால் நாமும் உட்கார்ந்து கேட்போம். பொய் சொல்லாதே, திருடாதே என்பதில் நமக்கு என்ன ஆட்சேபம்? அவர்களுக்கு ஆள் வேண்டாம். காணி மட்டும் போதும். டேனியருக்காவது தண்ணீர் தெளிக்கத் தலை தேவைப்பட்டது.

இடிபடுவது எப்படியிருக்கும் என்று சிங்களவருக்குத் தெரியாததும் அல்ல. இரத்தினபுரி மகா சமன் தேவாலயத்துக்குப் போங்கள். போர்த்துக்கேயர் அந்தத் தேவாலயத்தை இடித்து, அங்கே தங்கள் கோட்டையையும் மாதா கோயிலையும் எழுப்பினார்கள். வாளோங்கி நிற்கும் போர்த்துக்கேய வீரனும், காலடியில் விழுந்து கிடக்கும் சிங்களவனுமாக அவர்கள் செதுக்கிய வெற்றிக்கல் இன்றும் இருக்கிறது. விழுந்து கிடப்பவனுக்காக வயிறெரியாத சபரகமுவக்காரர் இல்லை. அந்த வயிறு கோணேஸ்வரத்தை நினைத்து எரியாதா? அதையும் அதே பறங்கிதான் 1624இல் இடித்து, கல்லைக் கோட்டைக்கு எடுத்தான். ஒரே கள்ளன் இரண்டு வீட்டிலும் புகுந்திருக்கிறான். களவு கொடுத்த இரண்டு வீட்டாரும் நான்கு நூற்றாண்டாக ஒருவரை ஒருவர் பொலிஸில் காட்டிக்கொடுக்கிறார்கள்.

இதைக் கைதட்டிப் படித்துக்கொண்டிருக்கும் தமிழ் வாசகரே, கையைக் கொஞ்சம் கீழே வையுங்கள். லிண்டனிசுக்கு நான்கு வருடம் முன்பு, 1215இல், கலிங்க மாகன் பொலன்னறுவைக்குள் புகுந்தான். அவனுடைய கேரள, தமிழ்ப் படைகள் தாதுகோபங்களை உடைத்து, ஏடுகளை அவிழ்த்து எறிந்து, விகாரைகளைக் குடியிருப்பாக்கிக்கொண்டன என்று சூளவம்சம் அழுகிறது. நம்மவர் மரபில் அவர் கோயில்களுக்குத் திருப்பணி செய்த மாகோன் மகராசா. 1544இல் மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவரான நூற்றுக்கணக்கான பரதவரை வெட்டிப் போட்ட யாழ்ப்பாணச் சங்கிலி நமக்கு மானம் காத்த மன்னன், நல்லூரில் அந்தப் பெயருக்கு வாளேந்திய சிலை. செத்தவர்களும் தமிழர்தான். நம்மிடமும் ஒன்றரை மனிதர் கணக்குப் பிள்ளைகள் வேண்டிய மட்டும் இருக்கிறார்கள். சம்பளம்தான் குறைவு.

இனி எங்கள் கணக்கு. இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, நிவித்திகலைத் தோட்டங்களில் ரப்பர் வெட்டியும் கொழுந்து பறித்தும் வாழ்ந்தவர்களை எண்ண அரகந்தர் வானத்திலிருந்து வரவில்லை. கோட்டும் சூட்டும் போட்ட கனவான்கள் வந்தார்கள். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கச் சட்டத்தில் எங்களை நாட்டில் இல்லாதவர்கள் ஆக்கினார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 உனக்கு, 3,00,000 எனக்கு. மீதி 1,50,000 பேர் இழுபறி. பத்து வருடம் கழித்து 1974இல் சிறிமாவும் இந்திராவும் அதையும் தீர்த்தார்கள். எப்படி? சரிபாதி. 75,000, 75,000. ஒரு லயத்தில் அண்ணன் தலைமன்னார்க் கப்பலுக்கு, தம்பி கவ்வாத்துக் கத்தியோடு மலைக்கு. மகாவம்சம் தமிழனை அரையாக எண்ணியது என்று கோபப்படுகிறோம். இரண்டு ஜனநாயக நாடுகள் குடும்பத்தையே அரையாக வெட்டிக் கைகுலுக்கின.

இங்கே தங்கியவர்களை 1977 ஓகஸ்ட் கலவரம் வந்து பார்த்தது, 1981 ஓகஸ்ட் மறுபடி வந்து பார்த்தது, 1983 ஜூலை மிச்சத்தையும் பார்த்தது. இரத்தினபுரி மாவட்டத்து லயங்கள் எரிந்தன. பெட்டி படுக்கையை விட்டுவிட்டு வவுனியாவுக்கு ஓடினார்கள், அங்கே காடு வெட்டிக் குடியேறினார்கள், பிறகு அங்கேயும் போர் வந்தது. எங்கள் தாய்மாரைத் தங்கள் வீட்டுக்குள் ஒளித்துவைத்துச் சோறு போட்ட சிங்களக் கிராமத்தார் இருந்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு வம்சமும் எழுதப்படவில்லை. எழுதினால் பாடப்புத்தகத்தில் மாவீரருக்கு இடம் போதாது.

புறசமயத்தாரும் வேற்றுமொழிக்காரரும் மட்டும்தான் அந்தக் கணக்கில் கழிக்கப்படுகிறார்கள் என்று நம்புகிற சிங்கள நண்பர்களுக்கு, எம்பிலிப்பிட்டிய ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1989இன் கடைசியிலும் 1990இன் தொடக்கத்திலும் இந்த ஊர்ப் பாடசாலை மாணவர்கள், சுமார் முப்பது பேர், பிடித்துச் செல்லப்பட்டார்கள். ஜே.வி.பி. வேட்டை என்று பெயர். செவன இராணுவ முகாம் என்றால் இன்றும் இங்கே வயதானவர்கள் குரல் தணியும். 1994 ஜனவரியில் சூரியகந்தையில் புதைகுழி தோண்டினார்கள். 1999இல் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் பாடசாலை அதிபரையும் இராணுவத்தினர் சிலரையும் குற்றவாளிகள் என்றது. தாய்மார் அதுவரை பத்து வருடம் வாசல் வாசலாக ஏறி இறங்கியிருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகள் யார்? ஞாயிறுதோறும் தகம் பாடசாலைக்கு வெள்ளை உடுத்துப் போனவர்கள். மும்மணிகளிடம் சரணடைந்தவர்கள், பஞ்சசீலம் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள். அரகந்தர்களின் தராசிலேயே நிறுத்தாலும் ஒவ்வொருவனும் முழு மனிதன். தாதுவை ஈட்டியில் செருகிய அரசுக்கு அந்த ஈட்டியைக் கீழே வைக்கத் தெரியாது. வெளியே எதிரி தீர்ந்தால் வீட்டுப் பிள்ளையைக் குத்தும். அந்தக் கொலைகளுக்கு எந்த அரகந்தரும் வானத்தில் வரவில்லை. யாருக்கும் தூக்கம் கெட்டதாகவும் எழுதப்படவில்லை. துட்டகைமுனு அழுதான் என்றாவது ஒரு வரி இருக்கிறது.

இவ்வளவு இரத்தமும் புனிதமும் கடைசியில் என்ன விலை போகும்? டென்மார்க்கைக் கேளுங்கள். வானத்திலிருந்து கொடி விழுந்த அதே எஸ்தோனிய மண்ணில் 1343இல் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். காசில்லாத மன்னர் நான்காம் வால்டெமார் 1346இல் அந்தப் புனித பூமியை டியூட்டானிக் படைச்சபைக்கு 19,000 கொலோன் மார்க் வெள்ளிக்கு விற்றுக் கையைக் கழுவினார். பாவமன்னிப்பைத் திருப்பிக் கொடுக்கும்படி செத்தவர்களை யாரும் கேட்கவில்லை. தாபெலினின் ஊர் விலையில் சேர்த்தி.

எம்பிலிப்பிட்டியவுக்குத் தெற்கே இறங்கினால் அம்பாந்தோட்டை, துட்டகைமுனு பிறந்த உறுகுணை நாடு. இளவரசன் சிறுவயதில் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தானாம். ஏன் என்று தாய் கேட்டபோது, கங்கைக்கு அந்தப் பக்கம் தமிழர், இந்தப் பக்கம் கடல், எப்படிக் காலை நீட்டுவேன் என்றானாம். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் படிக்கிற கதை. தமிழர் பக்கத்தை 2009இல் முடித்தாயிற்று. கடல் பக்கம் இருந்த துறைமுகத்தை 2017இல் 99 வருடக் குத்தகைக்குச் சீனக் கம்பனிக்குக் கொடுத்து, 112 கோடி டொலர் வாங்கியாயிற்று. அந்த ஒப்பந்த மேசையில் ஈட்டியும் இல்லை, தாதுவும் இல்லை, ஐந்நூறு பிக்குமாரும் இல்லை. குமாரன் இனி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் காலை நீட்டலாம். நீட்டுமுன் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.